மூன்றாம் தரத்துக்கு முன்

கோயிலுக்கு வர உலகப்பன் சம்மதித்ததே ஒரே ஒரு நிபந்தனையின் பேரில்தான்: ஏலம் தொடங்குவதற்கு முன் கிளம்பிவிட வேண்டும். கண்ணாத்தாளும் சரி என்று தலையாட்டித்தான் காரில் ஏறினாள். கெலாங் பாத்தாவிலிருந்து பொந்தியான் சாலையில் அந்தப் பழைய கான்சில் கார் இருமிக்கொண்டே போனபோது, "சாமியக் கும்புட்டுட்டு, ரெண்டு வாய் சாப்புட்டுட்டு, கௌம்பிரலாங்க" என்று அவளே வலியச் சொன்னாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் சொன்னாள். அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். நாற்பது வருஷமாகக் குடித்தனம் நடத்தும் மனிதருக்கு, பெண்டாட்டி ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொன்னால் அதில் வேறு ஏதோ இருக்கிறது என்று தெரியாமலா போகும்? ஆனால் அன்றைக்கு அவருக்கு இருந்த கவலையே வேறு.

அந்தச் சின்ன நகரத்தார் கோயிலில் பங்குனி உத்திரத்தன்று பூஜை முடிந்ததும் ஏலம் போடுவார்கள். முருகனுடைய வேலின் நுனியில் குத்தி வைத்த எலுமிச்சம்பழம்தான் முதலில் வரும். அந்தப் பழம் எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குள் தொட்டில் ஆடும் என்பது நம்பிக்கை. பணத்தை அன்றைக்கே வைக்க வேண்டியதில்லை, அடுத்த பங்குனி உத்திரத்துக்குள் கொடுத்தால் போதும். முருகனுக்கே ஒரு வருஷம் கடன்காரனாக இருப்பதில் நம் ஆட்களுக்கு ஒரு தனிப் பெருமை. கையில் காசு வேண்டாம், வாய் இருந்தால் போதும் என்றால் யாருக்குத்தான் வாய் நீளாது?

உலகப்பனுக்கு நன்றாகவே நீண்டது. ஜொகூரில் மூன்று டைல்ஸ் கடை வைத்திருந்த காலத்தில் வருஷா வருஷம் பழம் அவருக்குத்தான். பிள்ளை வேண்டியா எடுத்தார்? ஒரே மகள் உமாதேவி அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். சபையில் தன்னை ஒருவன் மிஞ்சிவிடக் கூடாது, அவ்வளவுதான். அவருக்கு இருந்த வியாதி சர்க்கரையும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. இன்னொருத்தன் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒன்று சொல்லாமல் அவர் நாக்கு உள்ளே போகாது.

கோத்தா திங்கியில் மூன்றாவது கடையை எடுத்ததும் அப்படித்தான். அதே கடையை இன்னொருத்தர் கேட்கிறார் என்று தெரிந்ததும் வாடகையை இவரே ஏற்றிவிட்டார். அப்புறம் ஆற்று வெள்ளம் கடைக்குள் புகுந்தது. வெள்ளம் சரக்கையெல்லாம் கொண்டுபோய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். டைல்ஸ் தண்ணீரில் மிதக்காது என்று ஊருக்குத் தெரியாதா என்ன? தலைக்கு மேல் ஏற்றி வைத்திருந்த கடன்தான் அவரை மூழ்கடித்தது.

திவாலாவதை நம் பக்கத்தில் மஞ்சக் கடுதாசி என்பார்கள். வந்தது என்னவோ வெள்ளைத் தாளில் மலாய் மொழியில் அச்சடித்த கடிதம்தான். கடை, வீடு, கார் எல்லாம் போயிற்று. பாஸ்போர்ட்டும் செல்லாமல் போயிற்று. திவாலானவர் அதற்கென்று இருக்கும் அரசு இலாகாவிடம் அனுமதி வாங்காமல் நாட்டை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. இப்போது கெலாங் பாத்தாவில் ஒரு சீனரின் இரும்புக்கடையில் ஸ்டோர் பார்க்கிறார். ஓட்டுகிற கான்சிலும் அந்தக் கடை வண்டிதான். சம்பளத்தில் இலாகாவுக்கு உரிய பங்கை மாதம் தவறாமல் கட்டிவருகிறார். மூன்று வருஷம் ஆகப்போகிறது. கடன் கொடுத்தவர்களில் யாரும் ஆட்சேபம் சொல்லாவிட்டால் வருகிற ஆடி மாதம் பெயர் தானாகச் சுத்தமாகிவிடும்.

பெயர் சுத்தமானால் கடை வைப்பதோ கார் வாங்குவதோ அவருக்குப் பெரிதில்லை. அந்த ஆசையெல்லாம் அடங்கிப்போய்விட்டது. பாலத்தைத் தாண்டி மகள் வீட்டுக்குப் போக வேண்டும். அது ஒன்றுதான்.

உமாதேவி சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். ஆறு வருஷம் காத்திருந்து உண்டான கரு, போன வருஷம் ஐந்தாம் மாதத்தில் கலைந்து போயிற்று. ஆஸ்பத்திரியில் கிடந்தவள் "அப்பா எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறாள். கண்ணாத்தாள் மட்டும் பஸ் பிடித்துத் தனியாகப் போனாள். உலகப்பன் அனுமதி கேட்டு எழுதிப் போட்டார். அனுமதி வந்து சேர்வதற்குள் மகள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் பெண் அழுதுகொண்டிருக்க, சிங்கப்பூருக்குப் போகிற இரண்டாம் பாலத்துச் சாலையோரம் காரை நிறுத்திவிட்டு அதற்குள் உட்கார்ந்து அவர் அழுதார். அதற்கப்புறம் சிங்கப்பூர் வண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே திவாகரன் எதிரே வந்தான். எந்தக் கவலையோடு வந்தாரோ அந்தக் கவலையே வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றது. திவாகரன் பங்காளி முறை, அவரைவிடப் பத்து வயது இளையவன். கோத்தா திங்கியில் இருந்த செம்பனைத் தோட்டத்தில் தன் பங்கை விற்ற பணம் எண்பதாயிரம் வெள்ளியை, அண்ணனாச்சே என்று தாளில் ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்தவன். அதில் பத்தில் ஒரு பங்குகூட அவனுக்குத் திரும்பி வரவில்லை.

"வாங்கண்ணே. மூணு வருஷமா ஆளையே காணோம்."

"வேலைதாம்ப்பா. நல்லாருக்கியா?"

"இருக்கேன். இலாகாவுலேருந்து கடுதாசி வந்துருச்சு." திவாகரன் குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. "உங்கள விடுறதுக்கு ஆட்சேபம் இருந்தா மூணு வாரத்துல எழுதணுமாம். பேங்குக்காரனுங்க எழுத மாட்டானுங்க, அவனுங்களுக்கு நீங்க ஒரு நம்பர். நான் இன்னும் முடிவு பண்ணல."

கையைப் பிடித்துக் கெஞ்சிவிடலாமா என்று உலகப்பனுக்கு ஒரு கணம் தோன்றியது. அதே கையை நீட்டித்தான் அவனிடம் பணம் வாங்கினோம் என்பது நினைவுக்கு வந்ததும் கை அசையவில்லை.

"காசு போனதுகூட எனக்கு ஆறிருச்சுண்ணே," என்றான் திவாகரன். "ஆனா கடைசி வருஷம் இங்க என்ன பண்ணுனீங்க? எனக்கு ஒரு வட்டிகூடத் தரல. என் சின்ன மவனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட நான் கூட்டுறவுல போயி லோன் கேட்டு நிக்கிறேன். நீங்க இங்க அதே வாரத்துல, எட்டாயிரத்து ஒண்ணுன்னு கத்தி எலுமிச்சம்பழம் எடுத்தீங்க. மாலை போட்டுக்கிட்டு நின்னீங்க. நானும் கை தட்டினேன். அதத்தான் என்னால மறக்க முடியல."

"தப்புதாம்ப்பா."

"இன்னிக்கி ஏலத்துக்கு இருப்பீங்கல்ல?"

"இல்ல. பூசை முடிஞ்சதும் கௌம்பிருவோம்."

திவாகரன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனான். அவன் வாய்விட்டுச் சொல்லாததும் உலகப்பனுக்குத் தெரியும். ஆட்சேபம் எழுத வெறும் கோபம் போதாது, காரணம் வேண்டும். திவாலானவன் அதைச் சொல்லாமல் மறைத்து யாரிடமாவது ஆயிரம் வெள்ளிக்கு மேல் கடன் வைத்தால் அது குற்றம். இலாகாவில் இருந்த பெண் முதல் நாளே இதை அவருக்கு மூன்று தடவை எடுத்துச் சொல்லியிருந்தாள். கோயில் ஏலமும் கடன்தான். முருகன் பெயரில் இருந்தால் மட்டும் அது கடன் இல்லை என்று ஆகிவிடுமா?

பூஜை முடிந்து தீபாராதனை காட்டியதும் உலகப்பன் சாப்பாடும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கண்ணாத்தாளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். வந்து பார்த்தால் கான்சிலுக்குப் பின்னால் குறுக்கே ஒரு பெரிய வேன் நிற்கிறது. வேனுக்குப் பின்னால் இன்னொரு கார்.

"அலமாக், போச்சு," என்றார்.

வேன் நம்பரை மைக்கில் சொல்லச் சொன்னார். சொன்னார்கள். யாரும் வரவில்லை. வேன்காரர் சமையல் கட்டில் சாம்பார் வாளியோடு நிற்கிறார், பந்தி முடிந்ததும் வருவார் என்று யாரோ சொன்னார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"உள்ளயே உக்காந்திருப்போங்க," என்றாள் கண்ணாத்தாள். "நாம வாயத் தொறந்தாத்தானே?"

சொல்லிவிட்டு அவள் பெண்கள் பக்கம் போனாள். அவர் கடைசித் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

காரியக்காரர் வயிரவன் மைக்கைத் தட்டிப் பார்த்தார். அவருக்குத் தொண்டையும் பெரிது, மனசும் பெரிது, யோசனை மட்டும் கொஞ்சம் குறைவு. மஞ்சள் பட்டு விரித்த வெள்ளித் தட்டில் பழம் வந்தது. நூற்று ஒன்றில் ஆரம்பித்து, இரண்டு மூன்று பேர் வேடிக்கையாக ஏற்றி, அறுநூற்று ஒன்றில் வந்து நின்றது. உலகப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் நிமிர்ந்திருந்தது. பழைய வியாதி அல்லவா?

"ஆயிரத்தி ஒண்ணு!"

பெண்கள் பக்கத்திலிருந்து வந்த குரல். அந்தக் குரலை அவர் நாற்பது வருஷமாகத் தினமும் கேட்கிறார்.

வயிரவனின் முகம் மலர்ந்துவிட்டது. "அடி சக்க! நம்ம உலகப்பண்ணன் வீட்டுல ஆயிரத்தி ஒண்ணு! மூணு வருஷம் கழிச்சு வந்திருக்காக, வெறுங்கையோட போவாகளா?"

சபை திரும்பிப் பார்த்தது. நாலைந்து பேர் கை தட்டினார்கள். உலகப்பன் எழுந்து நின்று கண்ணாத்தாளைப் பார்த்து வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் பார்க்கவே இல்லை. அவள் கண் தட்டில் இருந்த பழத்தின் மேலேயே குத்தி நின்றது. முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து தனியாகத் திரும்பி வந்த அன்றைக்கும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. அவள் மேல் கோபம் வந்தது. ஆனாலும் ஆட்டிய கை தானாக இறங்கியது.

"ஆயிரத்தி ஐநூத்தி ஒண்ணு." திவாகரன்.

"ரெண்டாயிரத்தி ஒண்ணு!"

"ரெண்டாயிரத்தி ஐநூத்தி ஒண்ணு."

"மூவாயிரத்தி ஒண்ணு!" கண்ணாத்தாளின் குரல் உடைந்தது.

திவாகரன் அதற்கு மேல் சொல்லவில்லை. சாவகாசமாகக் கையைக் கட்டிக்கொண்டு, தூண் பக்கம் திரும்பி உலகப்பனைப் பார்த்தான். அவன் நினைப்பது உலகப்பனுக்குப் புரிந்தது. இது ஒன்று போதும். மூவாயிரம் வெள்ளிக் கடன், நூறு பேர் சாட்சி. நாளைக்கே எழுதிப் போடலாம்.

"மூவாயிரத்தி ஒண்ணு, ஒரு தரம்!"

உலகப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, ஒருவர் கையை மிதித்து, மேடைக்கு ஓடினார்.

"வயிரவா, அது அவ கேட்டது. அவ பலகாரம் சுட்டு விக்கிற காசு. அவ பேருல போடு, எம்பேரு வேணாம்."

வயிரவன் மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தார். "என்னண்ணே வெளையாடுறீங்க? புள்ளி உங்க பேருலதானே இருக்கு. நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்கயில ஆச்சி பேருல எப்படிப் போடுறது? நம்ம வழக்கத்துலயே கெடையாது லா." சிரிப்பு மாறாமல் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். "மூவாயிரத்தி ஒண்ணு, ரெண்டு தரம்!"

புள்ளி என்றால் குடும்பக் கணக்கு. கல்யாணம் ஆனதும் ஒரு ஆண் கோயிலில் ஒரு புள்ளி. பெண்டாட்டி கேட்டாலும், பெண் கேட்டாலும், பணம் யாருடையதாக இருந்தாலும் கூப்பிடுவது அவன் பெயரை, கடன்காரன் அவன். இத்தனை நாள் அந்த வழக்கத்தில் உலகப்பனுக்குக் குறை ஒன்றும் தெரிந்ததில்லை. மாலை அவர் கழுத்தில் விழுந்தவரைக்கும் எப்படித் தெரியும்?

வயிரவன் மூன்றாவது தரத்துக்கு மூச்சை இழுத்தார். உலகப்பன் அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"நிறுத்து."

ஒலிபெருக்கி கிரீச்சிட்டது. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். நான் பேங்க்ரப். மஞ்சக் கடுதாசி வாங்கினவன். மூணு வருஷம் ஆகப்போவுது. நான் வெளியூர்ல இருக்கேன், வெரதத்துல இருக்கேன்னு எங்க வீட்டுல உங்ககிட்ட சொல்லிருப்பாக. அதெல்லாம் பொய். நான் கெலாங் பாத்தாவுல ஒரு கடையில ஸ்டோர்ல நிக்கிறேன். இத மறச்சு நான் கோயில்ல கடன் வைக்கக் கூடாது. அதான் சொல்லிட்டேன்."

சொல்லி முடித்ததும், தரை பிளக்கும், இல்லாவிட்டால் சிரிப்பு வெடிக்கும் என்று காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

வயிரவன் சங்கடத்தோடு அவர் தோளைத் தொட்டார். "அதெல்லாம் இப்ப எதுக்குண்ணே? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. பேப்பர்லயே பேரு போட்டிருந்தானே."

மூன்று வருஷம்! கல்யாணம் காட்சி என்று ஒன்றுக்கும் போகாமல், கடைவீதியில் செட்டியார் தலை தெரிந்தால் சந்துக்குள் புகுந்து, கண்ணாத்தாளைப் பொய் மேல் பொய் சொல்லவைத்து, மூடி மூடி வைத்த பானை அடியில் ஓட்டையாகவே இருந்திருக்கிறது. அவருக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நின்றார்.

முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கையை உயர்த்தினார். "தெரிஞ்சேதான் கடன் குடுக்கிறோம், வயிரவா. அவரும் சபையில சொல்லிட்டாரு. முருகன் காத்திருப்பான். எழுது."

"அதானே!" என்றன நாலு குரல்கள். கண்ணாத்தாள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இனிமேல் சட்டத்துக்கும் பயமில்லை. சொல்லியாயிற்று, கேட்டாயிற்று, கொடுக்கவும் தயாராக இருக்கிறார்கள். வயிரவன் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"மூவாயிரத்தி ஐநூத்தி ஒண்ணு," என்றான் திவாகரன்.

சபை 'உச்' கொட்டியது. யாரோ "திவாகரா, விடப்பா" என்றார்கள். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உலகப்பனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது எல்லாருமே உலகப்பனைத்தான் பார்த்தார்கள்.

நாலாயிரத்து ஒன்று. அது நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. கேட்க வேண்டியது ஒரு வார்த்தை. பணம் தருவதற்கு ஒரு வருஷம் இருக்கிறது. கண்ணாத்தாள் கையை எடுத்துவிட்டு ஈரமான கண்ணோடு அவரைப் பார்த்தாள். இந்தச் சபையே அவர் பக்கம் நிற்கிறது. இப்படி ஒரு நாளுக்காகத்தானே மூன்று வருஷமாகப் புழுங்கினார்? அந்தப் பழைய சூடு வயிற்றிலிருந்து மேலே ஏறுவதை அவர் உணர்ந்தார். கோத்தா திங்கி கடைக்கு வாடகையை ஏற்றிய அன்றைக்கும் இதே சூடுதான். எட்டாயிரத்து ஒன்று என்று கத்திய அன்றைக்கும் இதேதான். அன்றைக்கும் பணம் தர ஒரு வருஷம் இருந்தது. அன்றைக்கும் சபை கை தட்டியது.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். காலையில் எண்ணி வைத்த பணம் இருந்தது.

"எங்கிட்ட இப்ப இருக்கிறது நானூத்தி அறுவது வெள்ளி," என்றார். மைக் இல்லாமலே அது கடைசி வரிசைவரை கேட்டது. "அதுக்கு மேல கேக்க எனக்கு வாய் கெடையாது. பழம் திவாகரனுக்கு."

"அண்ணே, நாங்கதான் தெரிஞ்சே குடுக்கிறோம்னு..." என்று இழுத்தார் வயிரவன்.

"மூணாவது தரத்தச் சொல்லு, வயிரவா."

வயிரவன் சபையைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார், கடைசியில் சொன்னார். திவாகரன் போய்ப் பழத்தை வாங்கிக்கொண்டான். யாரும் கை தட்டவில்லை. கண்ணாத்தாள் எழுந்து யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

வேன்காரர் ஒருவழியாக வந்து வண்டியை எடுத்தபோது, கான்சில் அடுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. உலகப்பன் கதவைத் திறந்துவிட்டு நின்றார். கண்ணாத்தாள் ஏறி உட்கார்ந்து நேரே பார்த்தபடி இருந்தாள். திவாகரன் மஞ்சள் துணியில் சுற்றிய பழத்தோடு வந்தான்.

"நாலாயிரத்தி ஒண்ணும்பீங்கன்னு காத்திருந்தேண்ணே," என்றான். "சொல்லிருந்தா நாளைக்கே எழுதிப் போட்டிருப்பேன். சட்டத்துல நிக்குதோ இல்லையோ, எழுதிருப்பேன். இந்தாளு மாற மாட்டாருன்னு எழுதிருப்பேன்."

"இப்ப?"

"இப்ப என்னத்த எழுதுறது?" அவன் எரிச்சலோடுதான் சொன்னான். "அதுக்காக நான் மறந்துட்டேன்னு நெனைக்காதீங்க. எம்பதாயிரம் எம்பதாயிரந்தான்."

"மறக்க வேணாம்ப்பா."

திவாகரன் பழத்தைப் பார்த்தான். அவன் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பேரன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். உலகப்பனைச் சோதிக்கப் போய் மூவாயிரத்து ஐநூறு வெள்ளிக்கு மாட்டிக்கொண்டவனின் முழி அவன் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. குனிந்து கார் சன்னல் வழியாகப் பழத்தை நீட்டினான்.

"ஆச்சி, நீங்க வச்சுக்குங்க. உமாவுக்குக் குடுங்க."

கண்ணாத்தாளின் கை மடியிலிருந்து எழுந்தது. பாதி வழியில் நின்றது. பழத்தைப் பார்த்தபடியே கையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேட்டு எடுத்தவுக வீட்டுக்குத்தான் பழம் போவணும், தம்பி. அதுதான் மொறை. கொண்டு போங்க."

கண்ணாத்தாள் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால்கூட உலகப்பனுக்குத் தேவலை என்றிருந்திருக்கும். சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை வந்துகொண்டே இருந்தது. சிங்கப்பூர் நம்பர் போட்ட கார் ஒன்று அவரை முந்திக்கொண்டு போனது. அவர் முகத்தைத் திருப்பவில்லை.

"அந்த நானூத்தி அறுவது எதுக்கு வச்சிருந்தீங்க?" என்றாள் திடீரென்று.

"எரநூறு இந்த மாசம் இலாகாவுக்குக் கட்ட."

"மிச்சம்?"

சொன்னால் நடக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் மூன்று மாதமாக அவளிடமும் சொல்லாமல் வைத்திருந்தது அது.

"பாஸ்போட்டுக்கு. பேரு சுத்தமான அன்னிக்கே போயி எடுத்துரணும்னு. மிச்சத்துல பஸ்ஸுக்கு. அந்தக் காசயும் போட்டு இன்னிக்கிப் பழம் எடுத்திருந்தாலும், அத அவகிட்டக் கொண்டுபோயிக் குடுக்க எனக்கு வழி ஏது கண்ணாத்தா?"

கண்ணாத்தாள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. அவர் பார்க்காத மாதிரி ஓட்டினார். ஊருக்குள் நுழைகிற இடத்தில், சாலையோரம் குடை விரித்த பழக்கடை ஒன்று இருந்தது. கூடையில் எலுமிச்சம்பழம் குவித்து வைத்திருந்தார்கள். உலகப்பன் வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரங்கட்டினார்.

"ஒண்ணு வாங்கட்டுமா?" என்றார் தயங்கித் தயங்கி. "முருகன் கால்ல வச்சுக் கும்புட்டுக் குடுத்தா, அதுவும் பழந்தானே."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கூடையைப் பார்த்தாள். நல்ல பழம் எது, சொத்தை எது என்று அவள் கண் தானாகப் பொறுக்க ஆரம்பித்தது.

"இப்பப் போயி எதுக்கு? காஞ்சு போயிரும்," என்றாள். "ஆடியில ஒங்க பாஸ்போட்டு வந்த அன்னிக்கி வாங்கிக்கலாம். வண்டிய எடுங்க."